தலைவருக்கு வந்த வியாதி

சீதாலட்சுமி நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர் சென்னியப்பன், சங்கத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உடல்நலத்தின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு உடல்நலம் சரியில்லை என்ற செய்தி அவருடைய சட்டைப் பையிலேயே வந்து இறங்கியது.

போன் அதிர்ந்ததை உணர்ந்தார். ஆனால் மைக் கையில் இருக்கும்போது வேறு எதையும் கையில் எடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்ற பிறகு, பேசுவதற்கு ஊழியர்கள் இல்லாமல் தவித்துப்போய், கோபி ஊருக்கு வெளியே இருந்த தன் நகருக்கு ஒரு சங்கம் கண்டு, அதற்குத் தலைவராகி, பேச்சை மீட்டுக்கொண்டவர் அவர். எனவே பேசி முடித்து, பொன்னாடை போர்த்தப்பட்டு, வீட்டுக்கு வந்து, மனைவி துளசிமணி கொடுத்த மோரைக் குடித்த பிறகே செய்தியைப் படித்தார். ‘தங்கள் தடத்தில் கவனிக்கத்தக்க மாற்றம் தெரிகிறது. அச்சப்பட வேண்டாம். உடனே வரவும்.’

அச்சப்பட வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னதும் இருவரும் அச்சப்பட்டார்கள்.

‘தடம்’ என்பது அரசாங்கத்தின் புதிய திட்டம். ஒரு மனிதர் போனில் எவ்வளவு வேகமாக எழுத்துகளைத் தட்டுகிறார், எத்தனை முறை தப்பாகத் தட்டி அழிக்கிறார், குரல் செய்தியில் சத்தம் எப்படி இருக்கிறது, எப்போது தூங்காமல் புரள்கிறார், மளிகைக்கு என்ன சொல்லி அனுப்புகிறார், உடம்பைப் பற்றி எதைத் தேடிப் படிக்கிறார் என்பதையெல்லாம் அவருடைய சம்மதத்தோடு சேர்த்து வைத்து, வியாதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும். சம்மதம் வாங்கிய விதம் எளிமையானது. போனில் நீளமாக ஒரு பக்கம் வந்தது. அதன் அடியில் ‘சம்மதம்’ என்று பச்சையாக ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் பாதியில் நின்ற சீரியல் மறுபடி ஓடும். தமிழ்நாடே சம்மதித்தது.

சென்னியப்பன் அதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய், தயங்கியவர்களின் கட்டைவிரலைத் தானே பிடித்து அமுக்கவைத்து, மாவட்டத்திலேயே முழுச் சம்மதம் கொடுத்த முதல் நகர் என்ற கேடயத்தைத் தன் நகருக்கு வாங்கித் தந்தார். கேடயத்தைக் கொடுத்தவர் தடம் மையத்தின் இயக்குநர் டாக்டர் ஆதிமூலம். அவர் அந்த மேடையில் ஓர் ஆய்வு முடிவையும் வெளியிட்டார். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு நோய் அநேகமாக வருவதே இல்லை. தடத்தில் நூறு நோயாளிகள் தெரிந்தால் தொண்ணூறு பேர் ஆண்கள். மஞ்சளும் கம்பங்கூழும் செய்யும் மாயம் இது என்றும், இதை விரைவில் வெளிநாட்டு மாநாட்டில் சொல்லப்போவதாகவும் அறிவித்தார். பெண்கள் பகுதியிலிருந்து பலத்த கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இவ்வளவு செய்தவர், தன் முறை வந்தபோது போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஈரோட்டுக்குப் போனார். டவுன் பஸ்களில் டிரைவரை எடுத்துவிட்டு மிஷின் வைத்திருந்தார்கள். கண்டக்டர் மட்டும் இருந்தார். உள்ளே தள்ளி நில்லுங்க என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. துளசிமணி தூக்குப் போசியில் தயிர்ச்சாதத்தோடு கூடவே வந்து, மையத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

மையத்தில் அவரைப் பார்த்தவர் டாக்டர் எப்சிபா. நாசரேத்துப் பக்கத்துப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். தன்னைப் பார்க்க இயக்குநர் வராததில் சென்னியப்பனுக்கு வருத்தம். எப்சிபா அதைக் கவனித்தும் கவனிக்காதது போல விஷயத்துக்கு வந்தாள். நடுக்குவாதம் வருவதற்கான அறிகுறி. இன்னும் வரவில்லை, கதவைத் தட்டுகிறது. கை நடுங்க ஆரம்பிக்கச் சில வருஷங்கள் ஆகும்.

“முன்னெல்லாம் கை நடுங்கின பிறகுதான் சார் எங்ககிட்ட வருவாங்க. அதுக்குள்ள மூளையில பாதி வேலை முடிஞ்சிருக்கும். இப்ப வந்திருக்கற மருந்து அதுக்கு முன்னாடியே குடுத்தாத்தான் கேக்கும். ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப வருஷம் தள்ளிப் போட்டுடலாம். விட்டுட்டா அந்த மருந்தால பிரயோஜனம் இல்ல.”

அதற்கு முன்னால் உடம்பிலும் சோதித்து உறுதி செய்யவேண்டும் என்றாள். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், பல வாசனைகளை மூக்கருகே நீட்டினார்கள், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். சென்னியப்பன் கூட்டுறவு வாரவிழா ஊர்வலத்தில் நடப்பது போல நடந்து காட்டினார்.

வீட்டில் துளசிமணி அவரைத் தாங்கினாள். அவளுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. அவர் தும்மினால் ஸ்கேன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் சுக்குத் தண்ணீர். ஓசூரிலிருந்த மகளுக்கு விஷயத்தைச் சொல்லி, கீரையாகச் சமைத்து, அவர் சட்டைக்குப் பொத்தானைக்கூடத் தானே போட்டுவிட வந்தாள். சென்னியப்பனுக்கு இது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பார்க்க வந்தவர்களிடம், நாட்டிலேயே இவ்வளவு முன்கூட்டிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் தானும் ஒருவர் என்பதை அடக்கத்தோடு தெரிவித்தார்.

பரிசோதனை முடிவுகள் வந்தன. அவருக்கு ஒன்றுமே இல்லை. லேசாகச் சர்க்கரை, அதுவும் ஊரில் எல்லோருக்கும் இருப்பது.

இன்னொருவராக இருந்தால் சென்னிமலைக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார். சென்னியப்பனுக்கோ தன்னை யாரோ பதவியிலிருந்து இறக்கிவிட்டது போலிருந்தது. மிஷின் உண்டு என்கிறது, உடம்பு இல்லை என்கிறது, இதில் எது அரசாங்கத்தின் நிலைப்பாடு என்று கேட்டு, முடிவை வீட்டில் சொல்லாமலே மனுப் போட்டார். தன் தடத்தைத் தானே பார்க்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்பதை, இதுவரை யாரும் பயன்படுத்தாத ஒரு விதியைத் தேடிப் பிடித்து எழுதினார். மனு எழுதுவதில் அவரை வெல்ல ஆளில்லை. மையம் பணிந்தது.

எப்சிபா அவரை உட்காரவைத்துத் திரையைத் திறந்தாள். முதலில் வரைபடங்கள். குரல் செய்திகளின் சத்தம் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. மகளுக்கு வாரம் தவறாமல் போயிருக்கும் குரல் செய்திகள்.

நான் மகளுக்குக் குரல் செய்தி அனுப்புவதில்லையே, போனில் கூப்பிட்டு நேராகவே அறிவுரை சொல்லிவிடுவேனே என்றார் சென்னியப்பன்.

எப்சிபா அடுத்த பக்கத்துக்குப் போனாள். மளிகை. இரண்டு வருஷத்தில் பெருங்காயம் இரட்டிப்பாகியிருந்தது. மோப்பம் குறைந்தவர்கள் வாசனைப் பொருளைத் தங்களுக்கே தெரியாமல் கூட்டிக்கொண்டு போவார்கள், மிஷின் பிடித்துக்கொண்ட முக்கியமான தடயங்களில் ஒன்று அது என்று விளக்கினாள்.

பெருங்காயம் எந்த வடிவத்தில் விற்கிறது என்பதே சென்னியப்பனுக்குத் தெரியாது. ஆனால் சமீபமாக ரசத்தில் அது தூக்கலாக இருப்பதைப் பற்றி மனைவியிடம் பலமுறை பேசியிருக்கிறார். நீளமாகவே பேசியிருக்கிறார்.

பிறகு உடம்பு பற்றித் தேடிய வாசகங்கள் வந்தன. ‘பூ வாசனை தெரியவில்லை என்ன காரணம்.’ ‘கோலம் போடும்போது கை இழுக்கவில்லை.’ அதற்குக் கீழே, ‘கணவர் பேச்சை நிறுத்தாமல் பேசுவது வியாதியா.’ அதற்கும் கீழே, ‘கணவர் பேச்சைக் குறைக்க உணவு முறை.’ கடைசியாக, போன வாரம் தேடியது. ‘நடுக்குவாதம் வந்த கணவரை வெசனப்படாமல் பார்த்துக்கொள்வது எப்படி.’

சென்னியப்பன் பேசாமல் இருந்ததைக் கண்டுதான் எப்சிபா திடுக்கிட்டுத் திரையை அணைத்தாள்.

“சார், உங்க பேர்ல எத்தனை சிம் இருக்கு?”

“ரெண்டு. ஒண்ணு வீட்டுல அவகிட்ட இருக்குது.”

“நீங்க இதப் பாத்திருக்கக் கூடாது. நான் காட்டியிருக்கவும் கூடாது. இது உங்களோடது இல்ல.”

“என்ற பேர்ல இருக்குதுங்களே அம்மிணி,” என்றார், பழக்கத்தில். குரலில் துணைப் பதிவாளர் இல்லை.

“பேர் உங்களோடது சார். விரல் அவங்களோடது.”

எப்சிபாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் விளங்கின. முதலாவது, இன்றைக்கும் வாசலில் தூக்குப் போசியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு வைத்தியம் ஆரம்பிக்க இருந்த ஆறு மாசத்தில் இரண்டு மாசம் போய்விட்டது. இரண்டாவது, இந்த மாவட்டத்தில் மனைவிக்கு சிம் வாங்குகிறவன் தன் ஆதாரைத்தான் நீட்டுகிறான். கேஸ் புக்கிங் அவன் பேரில், மளிகை அவன் பேரில், மருந்துக்கடையில் சொல்லும் நம்பர் அவனுடையது. அப்படியானால் பெண்களுக்கு நோயே இல்லை என்பதன் பொருள், தடத்தில் பெண்களே இல்லை என்பதுதான். கம்பங்கூழுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவங்க பேரில் தடம் இல்லாததால் மையமே போய்ச் சொல்ல விதி இல்லை, அவங்களாகத் தெரிந்துகொண்டு, அவங்களாகச் சம்மதித்து வரவேண்டும், எதையாவது சொல்லி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது என்று எப்சிபா கண்டிப்பாகச் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்வதாகச் சென்னியப்பன் வாக்குக் கொடுத்தார். பேசுவது ஒன்றும் தனக்குப் புதிதில்லை என்றும் சொன்னார்.

பேச வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தார். துளசிமணி மெதுவாகத்தான் பரிமாறினாள், இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. இதையெல்லாம் அவர் இத்தனை நாள் பார்த்ததே இல்லை. இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, ஒருவேளை அந்த மிஷின் ஆள் மாறிச் சொல்லியிருந்தால், ஒருவேளை அது அவளுக்கு என்று இருந்தால், என்று ஆரம்பித்தார்.

துளசிமணி சிரித்தாள். “ஏனுங்க, உங்க சாவி தொலஞ்சா நாந் தொலச்சது. உங்க பஸ்சு போயிட்டா நாங் கெளப்ப விடாதது. இப்ப உங்க வியாதியும் என்னுதுங்களா?”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இத்தனை வருஷமாகத் தன் குற்றங்களையெல்லாம் அவள் கணக்கில் எழுதிவந்தவர், இன்று ஓர் உண்மையைச் சொல்லப் போனால் அதுவும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டது. சும்மா கேட்டேன், ஆஸ்பத்திரியில் எனக்குத்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இந்த வியாதிக்குப் பெரிய பெரிய அடியாக எடுத்துவைத்து நடக்கவேண்டும், சத்தம்போட்டு வாசிக்கவேண்டும், கைகளை வீசித் தட்டவேண்டும் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். அதையெல்லாம் துணைக்கு ஓர் ஆள் இருந்து கூடவே செய்தால்தான் மூளை கற்றுக்கொள்ளும் என்று சென்னியப்பன் வீட்டில் ஒரு புது விதியைச் சேர்த்தார். தனக்காக ஒரு குனிவு குனியாத துளசிமணி, அவருக்காக என்றதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சீதாலட்சுமி நகர் அந்தக் காட்சியைக் கண்டு வியந்தது. தலைவரும் தலைவர் வீட்டம்மாவும் அணிவகுப்புப் போலத் தெருவில் நடந்தார்கள். சாயங்காலத்தில் செய்தித்தாளை ஆளுக்கு ஒரு பத்தியாக ஊருக்கே கேட்கும்படி வாசித்தார்கள். அவள் குரல் இறங்கும்போதெல்லாம் இவர் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு கேட்கவில்லை என்பார். அவள் இன்னும் உரக்க வாசிப்பாள்.

அவளுடைய நம்பிக்கை குறையக் கூடாது என்பதற்காக, அவ்வப்போது கையையும் நடுக்கிக் காட்டினார். இப்போது நடுங்காது, நடுங்கச் சில வருஷங்கள் ஆகும் என்று டாக்டர் சொன்னதை அவர் மறந்துவிட்டார்.

இது இப்படியிருக்க, எப்சிபா இயக்குநரைப் பார்த்துப் பெண்கள் காணாமல் போன கதையைச் சொன்னாள். ஆதிமூலம் பொறுமையாகக் கேட்டார். மாநாட்டுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, கம்பங்கூழ் பற்றிய படங்கள்கூடத் தயாராகிவிட்டன, திரும்பி வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்றார். அவள் விடவில்லை. நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். எந்த நம்பரை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்க ஆள் அனுப்பவைத்தாள். ஆதிமூலம் மாநாட்டுக்குப் போய், பெரும் பிழை ஒன்றை உலகிலேயே முதன்முறையாகக் கண்டுபிடித்தது தங்கள் மையம்தான் என்று அறிவித்துப் பலத்த கைதட்டல் பெற்றுத் திரும்பினார். பிழை யாருடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சென்னியப்பன் வாக்குக் கொடுத்து நாள் போய்க்கொண்டே இருந்தது. எப்சிபா போன் செய்து கேட்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். இனி விதியையும் பார்க்க வேண்டாம், தானே கோபிக்குப் போய்விடலாம் என்று அவள் முடிவு செய்திருந்த வாரத்தில், துளசிமணி தானாக மையத்துக்கு வந்தாள். தனியாக வந்தாள். தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

எப்சிபா கதவைச் சாத்தி, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தடுமாறினாள். துளசிமணி அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

“வெசனப்படாத கண்ணு. எனக்குத்தானே அது?”

“எப்படிம்மா...”

“அவருக்கு நடிக்க வராது. காலைல வலது கை நடுங்குது, பொழுது எறங்குனா எடது கை நடுங்குது. நான் பாக்காட்டி ரெண்டுமே நடுங்கறதில்ல. ஆஸ்பத்திரி மாத்திரைன்னு ஒரு அட்டைய வெச்சுத் திங்கறாரு, அது சத்து மாத்திரை. எனக்குப் படிக்கத் தெரியாதாக்கும்?” துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இவரு எதுக்கு நோயாளியா நடிக்கறாருன்னு யோசிச்சேன். அந்த மிஷினு அவரப் பாத்துச் சொல்லலைன்னா வேற யாரப் பாத்துச் சொல்லியிருக்கும்? வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. எனக்கு வாசம் போயி ரெண்டு வருஷமாச்சு கண்ணு. தலையில வெச்சா பூவுன்னு தெரியுது, மல்லின்னு தெரியல.”

எப்சிபா நோயைப் பற்றிச் சொன்னாள். மறைக்காமல், பயமுறுத்தாமல் சொன்னாள். மருந்துக்கு இன்னும் காலம் இருக்கிறது, இன்றே பரிசோதனையை ஆரம்பித்துவிடலாம் என்றாள். துளசிமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நடப்பது, சத்தமாக வாசிப்பது என்று எப்சிபா அடுக்கியபோது மட்டும், அதெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. விதி அப்படி. “அம்மா, உங்க விவரத்தை நான் தெரியாம ஒருத்தருக்குக் காட்டிட்டேன். நீங்க தேடினது, படிச்சது எல்லாம். யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா அப்படி நடந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லியாகணும். நீங்க புகார் குடுக்கலாம்.”

என்னென்ன தேடினோம் என்று துளசிமணி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஓரிடத்தில் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எப்சிபா எழுந்துவிட்டாள்.

“அதான் ரெண்டு மாசமா பேச்சக் கொறச்சுட்டாரா?” என்றாள் துளசிமணி, சிரிப்பை அடக்க முடியாமல். “சங்கத்துல எல்லாம் கேக்கறாங்க, தலைவருக்கு ஒடம்பு ரொம்ப முடியலையான்னு.”

அவள் சிரித்து ஓய்ந்த பிறகு, எப்சிபா அவளுடைய பேரிலேயே ஒரு புதுப் பக்கம் திறந்தாள். சம்மதப் பக்கம் திரையில் வந்தது. துளசிமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தடம் தொடங்கிய நாளிலிருந்து அதை யாராவது முழுக்கப் படித்து எப்சிபா பார்த்ததில்லை. நடுவில் இரண்டு இடத்தில் அர்த்தம் கேட்டாள். ஓரிடத்தில் இது வேண்டாம் என்று விலக்கினாள். பிறகு, நோய் விவரத்தை வேறு யாருக்குத் தெரிவிக்கலாம் என்ற கேள்வி வந்தது.

“கணவர் பேரைப் போட்டுடலாமாம்மா?”

“வேண்டாம் கண்ணு. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்.”

“அவருக்குத்தான்...” என்று ஆரம்பித்த எப்சிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அது அவருக்குத் தெரிய வேண்டாம்.” துளசிமணி கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். “தெரிஞ்சா ஒக்காந்து அழுவாரு. நடக்க மாட்டாரு, திங்க மாட்டாரு. இப்ப அவரு என்னக் காப்பாத்தறதா நெனச்சுட்டு தெனமும் எந்திரிக்கறாரு. சர்க்கரைகூட எறங்கீருச்சு. என்ற கை நெசமா நடுங்கறப்ப நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் அவரே நோயாளியா இருந்துட்டுப் போகட்டும்.”

எப்சிபா அந்தக் கேள்விக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் பக்கத்தை மூடினாள். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாள். துளசிமணி கையை நீட்டிவிட்டு, நேரமாகுமா என்று கேட்டாள். அவர் தனியாக நடக்க மாட்டார், அவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.